உஷார்! திங்கள் டியூ கட்ட வியாழன் குழுவில் கடனா?

ஒரு கடனின் டியூவைக் கட்ட இன்னொரு கடன் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் வீட்டில் உள்ளவர்களையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். முதல் கடன் பெரும்பாலும் ஆளைக் கவிழ்ப்பதில்லை. பிள்ளை படிப்புக்கோ, ஒழுகும் கூரைக்கோ, கறவை மாட்டுக்கோ கணக்குப் போட்டுத்தான் அதை வாங்கியிருப்பீர்கள். அந்த முதல் கடனைக் கட்டுவதற்காக, யோசிக்க நேரமில்லாமல், ஒரே ராத்திரியில் வாங்குகிறோமே இரண்டாவது கடன், அதுதான் குடும்பத்தைக் கவிழ்க்கிறது.

வேலூர் பக்கம் விரிஞ்சிபுரம், பொய்கை, செதுவாலை, பள்ளிகொண்டா என்று நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் இந்த இரண்டாவது கடன் வீட்டு வாசலுக்கே வருகிறது. திங்கட்கிழமை ஒரு குழு, வியாழக்கிழமை இன்னொரு குழு, மாதம் ஒரு முறை வேறொரு பைனான்ஸ், தினமும் சாயங்காலம் பைக்கில் தண்டல்காரர். கொடுப்பதற்கு இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதாலேயே, தெருவில் துட்டு புழங்குகிறது என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். உஷார்! புழங்குவது நாம் நாளை சம்பாதிக்கப்போகும் துட்டு.

சம்பளம் ஆடும், டியூ ஆடாது

இந்தப் பக்கத்துப் பிழைப்பின் பெரும்பங்கு தோலையும் ஷூவையும் நம்பியது. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் பக்கம் போகிற பெண்களின் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அந்தச் சம்பளமோ வெளிநாட்டு ஆர்டரில் தொங்குகிறது. 2020 ஊரடங்கில் கம்பெனி கதவுகள் மூடிக் கிடந்ததைப் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் என்ன ஆகுமோ என்று முதலாளியிலிருந்து ஒட்டுவேலை செய்யும் பெண்வரை எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைந்தது. வரி ஏறலாம், இறங்கலாம். நம் சம்பளத்தின் கயிறு எங்கோ தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் மாறாது.

ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓவர்டைம். ஆனால் நம்மில் பலர் டியூவுக்குச் சம்மதிக்கும்போது ஓவர்டைமையும் சேர்த்துத்தான் மனக்கணக்குப் போடுகிறோம். அதுதான் முதல் ஓட்டை. கடன் வாங்கும்போது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். ஓவர்டைம் காசு வந்தால் அது சேமிப்பு. அதை நம்பி யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரே தாளில் கூட்டுங்கள்

கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மனைவி ஷூ கம்பெனியில் 12,000, கணவர் கூலி வேலையில் 10,000. மாத வரவு 22,000. கடன் விவரம் கேட்டால், "பெருசா ஒண்ணும் இல்லைங்க, சின்னச் சின்னதுதான்" என்பார்கள். அந்தச் சின்னதுகளை எழுதிப் பார்ப்போம்.

திங்கள் குழு வாரம் 750. வியாழன் குழு வாரம் 900. மாதக் குழு 2,600. செல்போன் இ.எம்.ஐ. 1,500. நகைக்கு வட்டி 1,200. தண்டல் தினம் 100.

வாரக் கணக்கை நாலால் பெருக்கி விடாதீர்கள். வருஷத்துக்கு 52 வாரம். அஞ்சு திங்கட்கிழமை வரும் மாதமும் உண்டு. அந்த மாதத்தில்தான் பல வீடுகளில் சண்டை வருகிறது. இரண்டு குழுவும் சேர்ந்து சராசரியாக மாதம் 7,150. மொத்தம் 15,450 ரூபாய். வரவில் 70 சதவீதம்! மிச்சம் 6,550 ரூபாயில் அரிசி, கேஸ், கரண்ட், பள்ளிக்கூடம், மருந்து எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. அதனால்தான் ஏழாவது கடன் வருகிறது.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு மைக்ரோ பைனான்ஸ் கடன் கொடுப்பவர், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடி பார்க்க வேண்டும். நம் உதாரண வீட்டுக்கு அந்த எல்லை 11,000. அதைத் தாண்டி 4,450 ரூபாய் எப்படி ஏறியது? தண்டல் கடனும், ரசீதைத் தவிர வேறு பதிவில்லாத அடகுக் கடையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியாது. நாமும் சொல்ல மாட்டோம். சொன்னால் லோன் கிடைக்காதே! கம்பெனிக்காரன் பார்க்காத கணக்கை நாமாவது பார்த்தாக வேண்டும்.

நூறு ரூபாய்தானே தண்டல்?

10,000 ரூபாய்த் தண்டல். கையில் கொடுப்பது 8,500. பிடித்தம் 1,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். "ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500-ம் நூறு நாளும் உங்கள் கையில் இல்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மாதம் பத்து ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 120 சதவீதம்! பூக்கடைக்கும் இட்லிக் கடைக்கும் அன்றாடம் சரக்கு புரள்கிறது, எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். மாதச் சம்பளக்காரர் தண்டல் எடுப்பது தற்கொலைக்குச் சமம்.

குழுக் கடனிலும் ஒரு கண்கட்டு உண்டு. "வெறும் 12 பர்சென்ட்" என்று சொல்லி 50,000 கொடுக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் 62,000 கட்டுகிறீர்கள். இதுதான் பிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்கு மேல். வங்கியானாலும் பைனான்ஸ் கம்பெனியானாலும், எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரு தனித் தாளில், உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள்.

"உன் பேர்ல எடுத்துக் குடு அக்கா"

இதைக் கேட்டதும் காது சுட வேண்டும். "எனக்கு சிபில் சரியில்லை அக்கா. உன் பேர்ல ஒரு லோன் எடுத்துக் குடு. டியூ நான் கட்டிக்கிறேன், உனக்கு ரெண்டாயிரம் தர்றேன்." கேட்பவர் பக்கத்து வீடாக இருக்கலாம், சொந்த நாத்தனாராகவும் இருக்கலாம். ஆதார் உங்களுடையது, கைரேகை உங்களுடையது, கடனும் உங்களுடையதுதான். நாலு டியூ கட்டிவிட்டு அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்தால், குழு மொத்தமும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும்.

ஆதார் நகல், கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரம், தொகை எழுதாத செக், ஓ.டி.பி. இவை நாலையும் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள். உறவு ஒரு மாதம் முகம் சுளிக்கும். கொடுத்தால் வாழ்நாள் முழுக்கச் சுளிக்கும்.

நகை மீட்க ஒரு நாள் வட்டி

தங்கம் விலை ஏற ஏற, அதே சங்கிலிக்குக் கூடுதல் பணம் தருகிறோம் என்று போன் வரும். வரவு ஏறவில்லை, கடன் மட்டும் ஏறுகிறது என்பதை மறக்காதீர்கள்.

இதில் புதிதாக முளைத்த பொறி ஒன்று. வட்டியை மட்டும் கட்டி நகைக் கடனைப் புதுப்பிக்கும் பழைய வழக்கம் 2025-ல் பல வங்கிகளில் நின்றுபோனது. அசலும் வட்டியும் கட்டி நகையை மீட்ட பிறகே மறுபடி வைக்க முடியும் என்றார்கள். உடனே, "ஒரு நாளைக்கு நான் பணம் தர்றேன்" என்று ஆட்கள் கிளம்பினார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால்கூட, 2 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 2,000. சாயங்காலம் வங்கியில் சர்வர் படுத்துவிட்டது, மறுநாள் ஞாயிறு என்றால் ஒரே மூச்சில் குறைந்தது 4,000 போச்சு.

தப்பிக்க வழி உண்டு. நகையை ஒரே பொட்டலமாக வைக்காமல் இரண்டு மூன்று கடனாகப் பிரித்து வையுங்கள். சின்னதை முதலில் மீட்கலாம். கெடு தேதிக்கு மூன்று மாதம் முன்பே மாதாமாதம் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். ஏல நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளிக்காதீர்கள். அன்றைக்கே போய்ப் பேசுங்கள். கட்டவே முடியாது என்று தெரிந்தால், ஏலத்துக்கு விடுவதைவிட ஒரு நகையை நீங்களே விற்று மற்றதை மீட்பது லாபம்.

மாதம் எட்டாயிரம் என்று காதில் விழுந்தால்

கடனில் மூழ்கியவர் கண்ணுக்குத்தான் கானல் நீர் முதலில் தெரியும். காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட எல்.என்.எஸ். இன்டர்நேஷனல் பைனான்சியல் சர்வீசஸ், நம் வாயில் ஐ.எஃப்.எஸ்., லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம் என்ற அளவில் ஆசை காட்டியது. 2022-ல் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ் உள்ளே புகுந்தபோது, பல்லாயிரம் பேரிடம் வாங்கிய தொகை சுமார் 6,000 கோடி என்று சொன்னார்கள். அதே ஆண்டில் ஆருத்ரா கோல்டு டிரேடிங். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், 2,438 கோடி. வட்டி வாங்கக் கூடாது என்ற மார்க்க நம்பிக்கையை வைத்தும் சிலர் ஏமாற்றிப் பிழைத்தார்கள். 'ஹலால் முதலீடு' என்று சொல்லிப் பணம் திரட்டிய பெங்களூர் ஐ.எம்.ஏ. 2019 ஜூனில் கவிழ்ந்தது.

இவற்றில் ஏமாந்தவர்கள் பேராசைக்காரர்கள் என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. நகையை 9 சதவீதத்துக்கு வைத்து அங்கே போட்டால் வரும் வட்டியில் குழு டியூவும் முடியும், பெண் கல்யாணமும் முடியும் என்று கணக்குப் போட்டவர்கள் அதிகம். முதலில் சில மாதம் பணம் சொன்ன தேதியில் வந்தது. வந்ததைப் பார்த்துத்தான் அண்ணன், தம்பி, சம்பந்தி எல்லாரையும் சேர்த்துவிட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி போதும். மாதம் எட்டு சதவீதம் என்றால் வருஷத்துக்கு 96. இருபது வருஷமாகத் தோல் வியாபாரம் செய்யும் எந்த முதலாளிக்காவது அந்த லாபம் வருகிறதா? அவருக்கே வராததை உங்களுக்கு எவன் எங்கிருந்து எடுத்துத் தருவான்? அடுத்தவர் போட்ட காசிலிருந்துதான்.

தீபாவளிச் சீட்டிலும் இதே உஷார் வேண்டும். மாதம் 500, ஐப்பசியில் தங்கக் காசு, பாத்திரம், மளிகை, பட்டாசு என்று பளபளப்பாக நோட்டீஸ் அடிப்பார்கள். நடத்துபவரிடம் அரசுப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, ஏலச் சீட்டு தொடங்கும் முன்பே பதிவாளரிடம் அனுமதி பெற வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும், உறுப்பினருக்கு ஒப்பந்த நகல் தர வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவை இல்லாவிட்டால், வங்கியிலோ தபால் நிலையத்திலோ ஆர்.டி. போட்டு, தீபாவளிக்கு நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள்.

போனுக்குள் வரும் கடன்

"அஞ்சே நிமிஷத்தில் லோன்" என்று வரும் செயலிகளில் கள்ளச் செயலிகளே எத்தனையோ! உங்கள் போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் உறிஞ்சிக்கொண்டு, ஒரு நாள் தாமதமானால் படத்தை அசிங்கமாக மாற்றிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். முறையாகக் கடன் தரும் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அதில் பெயர் இல்லாத கடன் செயலியை வீட்டுப் பிள்ளைகள் போனில் பார்த்தாலும் உடனே நீக்குங்கள். ஏற்கெனவே மிரட்டல் தொடங்கிவிட்டதா? பணம் அனுப்பாதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

இந்த வாரமே செய்யுங்கள்

ஒன்று: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாரிடம், மிச்சம் எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை. புருஷனுக்குத் தெரியாமல் வாங்கியதும், மனைவிக்குத் தெரியாமல் வாங்கியதும் அதில் ஏற வேண்டும். ஒரு மணி நேரம் சண்டை வரும், வரட்டும்.

இரண்டு: புதுக் கடனுக்கு இன்றோடு பூட்டு. டியூ கட்ட முடியாத வாரம் வந்தால், இன்னொருவரிடம் கைநீட்டாமல், கடன் கொடுத்த அந்த நிறுவனத்திடமே போய்த் தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ எழுத்தில் கேளுங்கள்.

மூன்று: வட்டி அதிகமான கடனை முதலில் அடைத்துவிடுங்கள். தொகை பெரியது எது என்று பார்க்காதீர்கள். தண்டல் முதலில், அடுத்து பிளாட் வட்டிக் குழுக் கடன், வங்கி நகைக் கடன் கடைசியில். மைக்ரோ பைனான்ஸ் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி.

நான்கு: போனஸ். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். அது கைக்கு வருவதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள்: 'தண்டல் அடைப்பு'. கைக்கு வந்த பிறகு யோசித்தால் டி.வி. ஷோரூம்தான் யோசனை சொல்லும்.

ஐந்து: மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறவர்கள் அந்தக் கணக்கை எந்த டியூவோடும் இணைக்காதீர்கள். ஒரு வருஷம் தொடாமல் விட்டால் 12,000. ஒரு மாத வேலை நின்றால் குடும்பத்தைத் தாங்கும் பணம் அது.

ஆறு: இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் அல்லவா? அட்டையில் புருஷன், பிள்ளைகள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வைத்தியச் செலவில்தான் பல குடும்பங்கள் முதல் படி சறுக்குகின்றன. கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தைத் துடைத்து எடுக்காதீர்கள். பத்து வருஷச் சர்வீஸ் சேர்ந்தால்தான் பென்ஷன்.

மிரட்டினால்

மைக்ரோ பைனான்ஸ் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது. தரக்குறைவாகப் பேசக் கூடாது, உறவினரை இழுக்கக் கூடாது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து சட்டம் இருக்கிறது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. காவல் நிலையத்தில் சரியான பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் மனு கொடுங்கள்.

கடன் அழுத்தத்தில் வீட்டில் யாராவது பேச்சைக் குறைத்தால், "நான் இல்லைன்னா எல்லாம் சரியாயிடும்" என்கிற மாதிரி சொன்னால், தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். எந்நேரமும் தமிழில் ஆள் இருப்பார்கள். கடனை அடைக்க எத்தனையோ வழி உண்டு, போன உயிருக்கு வழி இல்லை.

சேர்ந்து போட்ட கையெழுத்து

இவ்வளவும் ஒரு வீடு தனியாகச் செய்தால் பாதிதான் பலிக்கும். ஏனென்றால் நம் கடன்களில் பல, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் வாங்கியது. கல்யாணச் சீர், காதுகுத்து, வளைகாப்பு, பேனர், டி.ஜே. பக்கத்து வீடு பத்து பவுன் போட்டால் நாம் பன்னிரண்டு.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் விஜயநகர மன்னர் தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சக ஆண்டு 1347, அதாவது 1425-26. படைவீட்டு ராஜ்யத்தில் வாழ்ந்த கன்னட, தமிழ், தெலுங்கு, லாட பிராமணர்கள் கூடி எழுதிக்கொடுத்த உடன்பாடு அது. இனிமேல் கல்யாணம் கன்னிகாதானமாகவே நடக்க வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தாலும், பொன் கொடுத்துப் பெண் எடுத்தாலும் அரச தண்டனை, சமூக விலக்கு. 600 வருஷத்துக்கு முன்பே இந்தப் பக்கத்தில் கல்யாணத்தில் பொன் கைமாறுவதற்குக் கட்டுப்பாடு போட வேண்டி வந்திருக்கிறது. அவர்கள் கண்ட வழி, தனித்தனியாக முடிவெடுக்காமல் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது. ஒருவர் மட்டும் குறைத்தால் கஞ்சன் என்பார்கள், ஊரே குறைத்தால் அதுதான் வழக்கம்.

திங்கள் குழுவில் பத்துப் பெண்கள் ஒருவர் கடனுக்கு ஒருவர் கையெழுத்துப் போடுகிறீர்கள். பைனான்ஸ் கம்பெனிக்குச் சாதகமாக அந்தக் கட்டுப்பாடு இருக்கிறபோது, உங்களுக்குச் சாதகமாக ஏன் இருக்கக் கூடாது? அடுத்த திங்கள் வசூல் முடிந்து பீல்டு ஆபீசர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும், பத்துப் பேரும் பத்து நிமிஷம் கூடுதலாக உட்காருங்கள். மூன்று தீர்மானம் போதும். ஒன்று, குழுவில் யாரும் டியூ கட்டுவதற்காக வேறு கடன் வாங்குவதில்லை. வாங்கும் நிலை வந்தால் முதலில் குழுவில் சொல்வது. இரண்டு, யாரும் யாருக்காகவும் தன் பெயரில் கடன் எடுத்துக் கொடுப்பதில்லை. மூன்று, இந்தப் பத்து வீட்டு விசேஷங்களில் சீரும் செலவும் இவ்வளவுக்கு மேல் போவதில்லை.

நோட்டில் எழுதி, பத்துப் பேரும் கையெழுத்துப் போடுங்கள். புதுக் கடன் படிவத்தோடு அடுத்த ஆள் வருவதற்கு முன்னால் போட்டுவிடுங்கள்.